இறுகியது எங்கே என்று கேட்காத கட்டுரை

சென்ற இதழில் வந்த ட்ரெயிலர் பூட்டுக் கட்டுரைக்கு மறுமொழி எழுதாமல் விட்டால் அது பொறுப்பில்லாத வேலையாகிவிடும். கறள் பிடித்து இறுகிப்போன ஹிட்ச் பூட்டைக் கழற்றும் வழி என்று அந்தக் கட்டுரை சொல்பவற்றில் பாதி, பூட்டை நிரந்தரமாகக் கெடுக்கும் வழி. மீதியில் ஒன்று வாகனத்தோடு ஆளையும் எரிக்கக்கூடியது. பனி கரைந்து, புல் வெட்டுகிறவர்களும் மணவறை அலங்காரம் செய்கிறவர்களும் வீடு மாற்றிக் கொடுக்கிறவர்களும் ட்ரெயிலரை வெளியே இழுக்கிற நேரத்தில் இது அச்சாகியிருக்கிறது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிராம்ப்டனிலும் எத்தனையோ பேர் இதை வாசித்துவிட்டுக் கையில் குறட்டோடும் டோர்ச்சோடும் வாகனத்தின் பின்னால் குந்தப்போகிறார்கள். என் கோபம் அதனால்தான்.

கட்டுரையாளர் சொன்னதை அவர் சொன்ன ஒழுங்கிலேயே தருகிறேன். திரித்துவிட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. பூட்டு இறுகினால் டபிள்யூடி-40 அடித்துப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டுமாம். திறப்பு திரும்பாவிட்டால் குறட்டால் பிடித்துத் திருக வேண்டுமாம். அதற்கும் மசியாவிட்டால் காஸ் டோர்ச்சால் பூட்டைச் சுட வேண்டுமாம். இரும்பு விரியும், கறள் உடையும் என்கிறார். அதுவும் சரிவராவிட்டால் கிரைண்டர். தப்பித்தவறித் திறந்துவிட்டால் திறப்புத் துளைக்குள் கிரீஸ். இத்தனைக்கும் பிறகு, கள்ளன் எப்படியும் வெட்டத்தான் போகிறான், ஆகவே ஹிட்சுக்குப் பூட்டே தேவையில்லை என்று முடிக்கிறார். நடுவில், எண்ணெய் விட்டு மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் வேலை தெரியாதவர்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

இந்த முழு வரிசையிலும் அவர் கேட்காத கேள்வி ஒன்றுதான்: எங்கே இறுகியிருக்கிறது? அதைக் கேட்காமல் கையில் எடுக்கிற கருவி எதுவானாலும் நாசம்தான் செய்யும்.

வாகனத்தின் பின்பக்கம் தெரியும் சதுரக் குழாய்தான் ரிசீவர். பிக்கப்புகளிலும் பெரிய எஸ்யூவிகளிலும் அதன் உள்வாய் பெரும்பாலும் 2 அங்குலம். ட்ரெயிலரைக் கொழுவும் உருண்டையைத் தாங்கும் தண்டு அதற்குள் நுழைகிறது. குழாயையும் தண்டையும் குறுக்கே துளைத்துப் போகும் ஊசியின் விட்டம் 5/8 அங்குலம். சின்னக் கார்களின் ஒன்றேகால் அங்குல ரிசீவரில் அது அரை அங்குலம். ஊசியின் ஒரு நுனியில் ஒரு காடி வெட்டியிருக்கும். பூட்டுத் தலை அந்த நுனியில் ஏறி, உள்ளே இருக்கும் நாக்கால் காடியைக் கவ்விக்கொள்ளும். ஆக, இறுகுவதற்கு இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. திறப்பு முழுதாக உள்ளே போகாவிட்டால் சிலிண்டரின் வாயில் உப்போ மண்ணோ பனிக்கட்டியோ அடைத்திருக்கிறது. முழுதாகப் போயும் திரும்பாவிட்டால் சிலிண்டருக்குள் தகடுகள் ஒட்டியிருக்கின்றன, அல்லது திறப்பே தேய்ந்துவிட்டது. திறப்பு திரும்பியும் தலை கழன்று வராவிட்டால் காடியில் நாக்கு பிடித்திருக்கிறது. தலை கழன்றும் ஊசி வராவிட்டால் பிரச்சினை பூட்டிலேயே இல்லை. ரிசீவர் துளையில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல் ஒரு கட்டுரையையே எழுதியிருக்கிறார்.

திறப்பு முழுதாகப் போய், திரும்ப மறுக்கும் பூட்டை எடுத்துக்கொள்வோம். பலருக்கும் நேர்வது இதுதான். குறடு கையில் ஏறுவதும் இங்கேதான். பெரும்பாலான ஹிட்ச் பூட்டுகளின் சிலிண்டருக்குள் சின்னஞ்சிறு பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். சரியான திறப்பு உள்ளே வந்ததும் தகடுகள் ஏறி இறங்கி, நடு உருளையின் விளிம்போடு மட்டமாக நிற்கும். அப்போதுதான் உருளை சுழலும். ஒரே ஒரு தகடு உப்பிலும் அரிப்பிலும் ஒட்டி, மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டு நின்றாலும் உருளை அசையாது. இந்த நிலையில் திறப்பைக் குறட்டால் திருகினால் என்ன நடக்கிறது? நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டின் விளிம்பு வெளி உடலின் சுவரில் போய் அழுந்துகிறது. திருகத் திருக அழுத்தம் கூடுகிறது. மேலும் கீழும் நகர வேண்டிய தகட்டைப் பக்கவாட்டில் நசுக்கிப் பிடித்துக்கொண்டு, நகரவில்லை என்பதற்காக இன்னும் பலமாகத் திருகச் சொல்கிறார் கட்டுரையாளர். தான் திறக்கச் சொல்லும் பொருளின் உட்புறத்தை அவர் ஒருபோதும் பார்த்ததில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. திருகும் விசையை முற்றாக எடுத்துவிட வேண்டும். எண்ணெய் விட்ட பிறகு திறப்பை உள்ளே விடுவதும் வெளியே இழுப்பதுமாக, திருப்பாமலே, தொடர்ந்து செய்ய வேண்டும். திறப்பின் பற்கள் தகடுகளை ஏற்றி இறக்கும். எண்ணெய் இடுக்குகளில் இறங்கும். வெளியே வரும் திறப்பை ஒவ்வொரு முறையும் துணியில் துடைத்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் வந்தால் பூட்டின் உடலான துத்தநாகக் கலவை அரிக்கப்பட்டிருக்கிறது. பச்சை வந்தால் பித்தளை. கறுப்புக் குழம்பு வந்தால் யாரோ முன்பு கிரீஸ் அடைத்திருக்கிறார்கள். துணி சுத்தமாக வரத் தொடங்கும்வரை விடக்கூடாது. நடுநடுவே சுத்தியலின் மரப்பிடியால் பூட்டின் உடலைத் தட்டலாம். அந்த அதிர்வில் ஒட்டிய தகடு விடுபடும். அதன்பிறகு இரண்டு விரலால் மட்டும் திறப்பை இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு விரலுக்குத் திரும்பாத பூட்டு இன்னும் தயாராகவில்லை. குறட்டுக்கு அங்கே வேலையே கிடையாது.

நான் வாகனம் திருத்தும் தொழிலில் இருப்பவன். குறட்டு வைத்தியத்தின் விளைவு எங்கள் கராஜுக்குத்தான் வந்து சேர்கிறது. புல் வெட்டும் வேலை செய்கிற ஒரு பொடியன் அப்படித்தான் வந்தான். பூட்டின் முகத்தில் குறட்டுப் பற்கள் உழுத தழும்பு. தூசி மூடியாக இருந்த ரப்பர் துண்டு கிழிந்து தொங்கியது. திறப்பு உள்ளே, முகத்தோடு மட்டமாக முறிந்திருந்தது. திறப்புகள் பெரும்பாலும் ஆழமான வெட்டு இருக்கும் இடத்திலேயே முறியும். உலோகம் அங்கேதான் மிக ஒடுங்கியிருக்கிறது. “அண்ணை, இன்னும் கொஞ்சம் இறுக்கித் திருகியிருந்தால் திறந்திருக்கும்” என்றான். அவனுக்கு யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உருளை கொஞ்சம் திரும்பிய நிலையில் நின்றது. அந்த நிலையில் முறிந்த துண்டை இழுத்தால் வராது. தகடுகள் அதைக் கவ்வி வைத்திருக்கும். முதலில் மெல்லிய ஸ்க்ரூ ட்ரைவரால் உருளையைப் பழைய இடத்துக்குத் திருப்பி, எண்ணெய் விட்டு, பல்லுள்ள மெல்லிய மரவாள் அலகு ஒன்றைத் திறப்பின் ஓரமாக நுழைத்து, பல்லில் கொழுவி இழுத்து எடுத்தோம். இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் அவன் வீட்டில் கிடந்த மற்றத் திறப்பைக் கொண்டுவந்து போட்டபோது பூட்டு விரலுக்கே திரும்பியது. முந்தைய நாள் வேலை அவனுக்குப் போனது போனதுதான்.

அந்த மற்றத் திறப்பு ஒரு முக்கியமான விஷயம். கட்டுரை அதைத் தொடவே இல்லை. நாள்தோறும் திறப்புக்கொத்தில் உரசித் திரியும் திறப்பு தேயும். அதைப் பார்த்துக் கடையில் வெட்டிய நகல், தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கும். பூட்டு கறள் பிடித்துவிட்டது என்று பழி போடுவதற்கு முன்னால், வாங்கியபோது வந்த, கை படாத இரண்டாவது திறப்பைத் தேடி எடுத்துப் போட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பல பூட்டுகளின் முகத்திலோ திறப்பின் தலையிலோ ஓர் இலக்கம் பொறித்திருக்கும். அந்த இலக்கத்தைக் கொடுத்துத் தயாரிப்பாளரிடமோ பூட்டுத் தொழிலாளியிடமோ புதுத் திறப்பு எடுக்கலாம். தேய்ந்த திறப்பின் நகல் அல்ல அது. முதல்நாள் அளவில் வெட்டியது.

இனி அந்தப் பத்து நிமிடக் கதை. டபிள்யூடி-40 மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. 1953இல் சான் டியேகோவில் அதை உருவாக்கியவர்கள் அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோலில் நீர் தங்கிக் கறள் பிடிக்காமல் இருக்கவே அதைச் செய்தார்கள். நீரை விரட்டுவதிலும் அழுக்கைக் கழுவுவதிலும் அது நல்ல பொருள். பூட்டுக்குள் உப்புத் தண்ணீர் நிற்கிறது என்றால் முதல் கழுவலுக்குத் தாராளமாகப் பாவிக்கலாம். ஆனால் அதில் பெரும்பங்கு ஆவியாகிப் போகும் கரைப்பான். கறளுக்குள் ஊடுருவவென்றே செய்த எண்ணெய்கள், பிபி பிளாஸ்டர், லிக்விட் ரெஞ்ச், க்ரொயில் என்று, கனடாவிலும் அமெரிக்காவிலும் சாதாரணமாகக் கிடைக்கின்றன. எதை அடித்தாலும் பத்து நிமிடம் என்பது கணக்கே அல்ல. எண்ணெய் உள்ளே போவது யாரும் தள்ளுவதால் அல்ல. கறளின் நுண்ணிய வெடிப்புகள் தாமாக உறிஞ்சுவதால். அதற்கு மணிக்கணக்கு வேண்டும், சில வேளை ஓர் இரவு வேண்டும். இடையில் மறுபடி விட வேண்டும், தட்ட வேண்டும், மறுபடி விட வேண்டும். காத்திருப்பவனை வேலை தெரியாதவன் என்று எழுதியவர், வேலையின் பெரும்பகுதி அந்தக் காத்திருப்புக்குள்தான் நடக்கிறது என்பதை அறியாமல் எழுதியிருக்கிறார். நாற்பது வருடம் இரும்போடு பழகிய கைகள் எனக்குத் தெரியும். அவை எல்லாம் பொறுமையான கைகள். அந்த மனிதர்களை இழிவாகப் பேச இவருக்கு எந்த உரிமையும் கிடையாது.

இன்னொன்று. கனடாவில் இறுகிய பூட்டெல்லாம் கறள் பிடித்த பூட்டு அல்ல. காலையில் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் அசையாத பூட்டு, மத்தியானம் வெயில் பட்டதும் திறந்தால் உள்ளே இருந்தது பனிக்கட்டி. அதற்குத் தலைமுடி உலர்த்தும் கருவி போதும். பனி கரைக்கும் ஸ்பிரேயும் விடலாம். ஆனால் அது அற்ககோல். பனியோடு பூட்டுக்குள் இருந்த எண்ணெய்ப் பசையையும் கழுவிக்கொண்டு போகும். திறந்த பிறகு உலரவிட்டு மறுபடி மசகு போடாவிட்டால் அடுத்த மாதம் உண்மையிலேயே கறள் பிடிக்கும். கொதிநீர் ஊற்றுவது இன்னும் மோசம். அந்த நீரே உள்ளே போய் மறுபடி உறையும்.

இப்போது டோர்ச். இந்தக் கட்டுரையில் மன்னிக்க முடியாத பந்தி அதுதான்.

சூடாக்கினால் இரும்பு விரியும் என்பது உண்மை. வேலைமேசையில் கழற்றி வைத்த தடித்த இரும்பு நட்டைச் சுட்டுக் கழற்றுவது சரியான முறையும்கூட. ஆனால் ஹிட்ச் பூட்டுத் தலைகளில் பெரும்பாலானவற்றின் உடல் இரும்பே அல்ல. அது அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை, மேலே குரோம் பூச்சு. அந்தக் கலவை சுமார் 380 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். புரொப்பேன் டோர்ச்சின் சுவாலை 1,900 பாகையைத் தாண்டும். கறள் உடைவதற்கு முன்னால் உடலே இளகி, உள்ளே இருக்கும் பித்தளை உருளையைச் சுற்றி வழிந்து பிடித்துக்கொள்ளும். தகடுகளைத் தள்ளும் மெல்லிய ஸ்பிரிங்குகள் அதற்கு முன்னரே தம் வலுவை இழந்திருக்கும். அதன்பிறகு உலகத்தில் எந்தத் திறப்பும் அந்தப் பூட்டைத் திறக்காது.

சரி, சுடுவது பூட்டை அல்ல, ரிசீவர் துளைக்குள் இறுகிய ஊசியைக் கழற்ற ரிசீவரைத்தான் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பார்ப்போம். இரும்பு ஒரு பாகைச் சூட்டுக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்குதான் விரியும். 16 மில்லிமீற்றர் துளையை 200 பாகை கூடுதலாகச் சூடாக்கினால் அது விரிவது சுமார் 0.04 மில்லிமீற்றர். ஊசியும் கூடவே சூடாகி விரிவதால் அதிலும் பெரும்பங்கு கிடைக்காது. இந்த அற்ப ஆதாயத்துக்காக எதன் அருகில் நெருப்பைக் கொண்டுபோகச் சொல்கிறார் என்று பாருங்கள். ரிசீவருக்கு மேலே பிளாஸ்டிக் பம்பர். பக்கத்தில் ட்ரெயிலர் விளக்குகளுக்கான வயர்க்கட்டு. பிக்கப்பானால் தலைக்கு மேலே மேலதிக ரயர். பல வாகனங்களில் பெற்றோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டி பின்னச்சுக்கு அருகில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது, அதுவும் பிளாஸ்டிக். அதற்குச் சற்று முன்னால் பெற்றோல் தாங்கி. பெற்றோல் ஆவி தீப்பற்ற வெயில் காலம் தேவையில்லை. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் அது பற்றும். இவ்வளவுக்கும் மேலாக, அவர் சொன்ன ஒழுங்கின்படி, பத்து நிமிடத்துக்கு முன்தான் அதே இடத்தில் எரியக்கூடிய ஸ்பிரேயை அடித்து நனைத்திருக்கிறீர்கள்.

பூட்டைக் கழுவ யாராவது பிரேக் கிளீனர் அடித்திருந்தால் ஆபத்து வேறு வகை. அதில் குளோரின் சேர்ந்த வகைகள் உண்டு; அந்த ஈரத்தில் சுவாலை பட்டால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். முதலாம் உலகப் போரில் மனிதரைக் கொல்லப் பயன்பட்ட வாயு அது. துத்தநாகப் பூச்சுப் போட்ட ட்ரெயிலர் நாக்கை, அதாவது முன்னால் நீளும் இரும்புச் சட்டத்தை, அதிகம் சுட்டால் வரும் வெண்புகை சில மணி நேரத்துக்குப் பிறகு காய்ச்சலும் நடுக்கமுமாக ஆளைப் படுக்கவைக்கும். வெல்டிங் தொழிலாளர்களுக்குத் தெரிந்த நோய் அது. இதில் எதையும் எச்சரிக்காமல், வீட்டு ட்ரைவ்வேயில் குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில் டோர்ச் பிடிக்கச் சொல்லி ஒருவர் எழுதலாம் என்றால், அச்சில் வரும் சொல்லுக்கு என்ன பொறுப்பு மிஞ்சுகிறது?

ரிசீவரில் ஊசி இறுகுவதற்கு உண்மையான காரணங்கள் இரண்டு. ஒன்று கறள். இரும்பு கறளாக மாறும்போது தான் இருந்த இடத்தைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஊசி துருப்பிடிக்காத எஃகாக இருந்தாலும் சுற்றியிருக்கும் ரிசீவர் சாதாரண இரும்பு. உப்பு நீர் நடுவில் நின்றால் ரிசீவர்தான் வேகமாக அரிக்கப்பட்டு, அந்தக் கறள் ஊசியைச் சுற்றி ஆப்பாக இறுகும். மற்றது பாரம். கட்டுரையில் பாரம் என்ற சொல்லே இல்லை. ட்ரெயிலர் உருண்டையில் இருக்கும்போது அதன் நாக்கு தண்டைக் கீழே அழுத்துகிறது. தண்டு ரிசீவருக்குள் சாய்ந்து ஊசியை நெரிக்கிறது. ட்ரைவ்வே சரிவில் நின்றால் ட்ரெயிலர் பின்னால் இழுத்தும் நெரிக்கும். கறளே இல்லாத புது ஊசியும் அப்போது கையால் வராது.

ஆகவே முதல் வேலை சுத்தியல் அல்ல. ட்ரெயிலர் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ட்ரெயிலரின் ஜக்கால் நாக்கை உயர்த்தி உருண்டையிலிருந்து பாரத்தை எடுங்கள். தேவையானால் வாகனத்தை ஓர் அங்குலத்துக்கும் குறைவாக முன்னோ பின்னோ நகர்த்துங்கள். ட்ரெயிலர் ஏற்கெனவே கழன்றிருந்தால் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் ஆட்டிக்கொண்டு ஊசியை அசைத்துப் பாருங்கள். பல வேளைகளில் இதிலேயே ஊசி வந்துவிடும். வராவிட்டால் எண்ணெய். ஊசியின் இரு நுனிகளில் மட்டும் அடித்தால் போதாது. ரிசீவர் குழாயின் முன்வாய் திறந்திருந்தால் வாகனத்துக்கு அடியிலிருந்து அந்தப் பக்கமாகவும் குழல் வைத்து அடிக்க வேண்டும். ஊசியின் நடுப்பகுதி நிற்பது அங்கேதான். கியர்ப்பெட்டி எண்ணெயையும் அசிற்றோனையும் கலந்து விடுகிறவர்கள் உண்டு. ஊசிக்கு அது வேலை செய்யும். ஆனால் பூட்டுத் தலைக்கு அருகில் கொண்டுபோகக்கூடாது, ரப்பரையும் பெயின்டையும் தின்னும், தீப்பொறிக்கு உடனே பற்றும். ஊறிய பிறகு, வளைந்த நுனியுள்ள ஊசியானால் அந்த வளைவை ஸ்பானரால் பிடித்து முன்னும் பின்னும் சுழற்றுங்கள். நேராக இழுப்பதைவிடச் சுழற்றுவதில்தான் கறள் உடையும். கடைசியாகத்தான், பூட்டுத் தலை கழன்ற பக்கத்திலிருந்து, ஊசியைவிடச் சற்று மெலிந்த பித்தளைக் கோலை வைத்துச் சுத்தியலால் அடித்துத் தள்ள வேண்டும். தலை இன்னும் ஊசியில் இருக்கும்போது அதன்மேல் அடித்தால் உடையப்போவது வார்ப்புத் துத்தநாகம்.

கிரைண்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிலிண்டர் நசுங்கி, திறப்பு உள்ளே முறிந்து, எதற்கும் மசியாத பூட்டும் உண்டு. அப்போதும் பூட்டுத் தலைக்கும் ரிசீவருக்கும் நடுவில் தெரியும் ஊசியை மட்டும்தான் வெட்ட வேண்டும். அந்த இடைவெளி சிறியது. தட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. கை ஒரு கணம் சரிந்தால் ரிசீவரின் கழுத்தில் வெட்டு விழும். ரிசீவர் என்பது இத்தனை இறாத்தல் இழுக்கும் என்று அளவிட்டு, முத்திரை ஒட்டி விற்கப்படும் பாகம். வெட்டு விழுந்த ரிசீவரில் அந்த அளவு செல்லாது, வெல்டிங் வைத்து மறைத்தாலும் செல்லாது. எண்ணெயைத் துடைத்துவிட்டு, தீப்பொறி பறக்கும் திசையை நனைத்த தடித்த துணியால் மறைத்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்து, முழு முகக் கவசம் போட்டு வெட்ட வேண்டும். இவற்றில் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை. வெட்டு என்ற ஒரு சொல்லோடு வாசகனை அனுப்பிவிட்டார்.

துளைக்குள் கிரீஸ் என்ற யோசனையை நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கிரீஸ் மண்ணையும் உப்பையும் பிடித்து வைக்கும், குளிரில் தடிக்கும், தகடுகளை ஒட்டவைக்கும். சிலிண்டருக்குள் உலர் மசகுதான், டெஃப்லான் வகையோ கிராஃபைட் தூளோ. கிராஃபைட் போட்ட பூட்டில் பிறகு எண்ணெய் விடாதீர்கள், இரண்டும் சேர்ந்து சேறாகும். ஊசியின் உடலுக்குத்தான் இறுகாமல் தடுக்கும் பசை, அதுவும் மெல்லிய பூச்சாக. வினாகிரியில் ஊறப்போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தனி இரும்பு ஊசியைப் போடலாம். பூட்டுத் தலையைப் போட்டால் அமிலம் துத்தநாகத்தையே கரைக்கும்.

பூட்டே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவோம். கிரைண்டரோடு வருகிற கள்ளனை எந்த ஹிட்ச் பூட்டும் நிறுத்தாது என்பது உண்மை. ஆனால் கிரைண்டர் சத்தம் போடும், பொறி பறக்கும், நேரம் எடுக்கும். பூட்டில்லாத ஊசியின் கிளிப்பைக் கழற்றித் தண்டோடு உருண்டையைத் தூக்கிக்கொண்டு போகச் சில விநாடி போதும், ஒரு நாய்கூடக் குரைக்காது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கடை வாசலில் நிறுத்திய வாகனத்தின் கிளிப்பை விளையாட்டாகவோ வேண்டுமென்றோ யாராவது உருவிவிட்டால், ஊசி ஓட்டத்தில் அதிர்ந்து அதிர்ந்து வெளியே வரும். ரிசீவரிலிருந்து தண்டு கழன்று, 401 நெடுஞ்சாலையில் ட்ரெயிலரின் நாக்கு வீதியில் விழும். ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் ட்ரெயிலருக்கு இரண்டு தனித்தனி இணைப்புகளைக் கேட்பது ஒன்று விட்டால் மற்றது பிடிக்க வேண்டும் என்பதற்காகவே. மற்ற இணைப்பான சங்கிலி பிடிக்கும்தான். ஆனால் சங்கிலியில் தொங்கி வீதியில் உரசும் ட்ரெயிலரோடு மூன்று தடம் கடந்து ஓரம் கட்டுவது யாருக்கும் நேரக்கூடாத காரியம். பூட்டு என்பது கள்ளனுக்கு எதிராக மட்டும் போடுவது அல்ல.

இத்தனைக்கும் மூலகாரணமான உப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது இன்னொரு குறை. குளிர்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு ரிசீவரின் வாய்க்கு நேராகத் தெறிக்கிறது. பின் சில்லுகள் அதைத்தான் செய்கின்றன. கடும் குளிருக்குப் பாவிக்கும் கல்சியம் குளோரைட் காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்து, பூட்டை உலரவிடாமல் வைத்திருக்கும். நவம்பரில் கடைசி ஓட்டம் முடிந்ததும் தண்டையும் பூட்டையும் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் கழுவி, உலர்த்தி, கராஜுக்குள் வைத்துவிடலாம். ரிசீவர் வாய்க்கு ஒரு பிளாஸ்டிக் மூடி போடலாம். குளிரிலும் ட்ரெயிலர் இழுக்கிறவர்கள் பூட்டின் ரப்பர் மூடியைக் கிழிந்ததும் மாற்ற வேண்டும், திறப்புத் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டைத் திருப்பி வைக்க வேண்டும், வாரம் ஒருமுறையாவது திறந்து பூட்ட வேண்டும். அசைந்துகொண்டிருக்கும் தகட்டில் உப்பு படிவது கடினம்.

ஆசிரியர் குழுவிடம் ஒரு கோரிக்கை. டோர்ச் பற்றிய அந்தப் பந்தியை அடுத்த இதழின் முதல் பக்கங்களிலேயே, பெரிய எழுத்தில், மீளப்பெற வேண்டும். மற்றப் பிழைகள் பூட்டையும் திறப்பையும் கெடுக்கும். அவற்றுக்குக் கடையில் மாற்று உண்டு. கட்டுரையாளர் எனக்கு மறுமொழி எழுத விரும்பினால் தாராளமாக எழுதட்டும். அதற்கு முன் அவர் ஒரு வாகனத்தின் பின்னால் குனிந்து, ரிசீவரிலிருந்து கரிப்பெட்டியும் பெற்றோல் தாங்கியும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று ஒரு நாடாவைப் பிடித்து அளந்து, அந்த அளவை எழுத்தின் முதல் வரியில் தரட்டும்.